ரப்பில கலியாண வீடு எடிட் பண்ணலாமோ? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் கமரா லென்ஸ் பற்றி எழுதினதுக்குப் பிறகு வந்த கேள்வியளில அரைவாசிக்கு மேல ரப்லெட்டைப் பற்றித்தான். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவாற ஐபாட், வவுனியாக் கடையில கண்ட சாம்சங் ரப், உதுகளை வச்சு ஸ்ரூடியோ வேலை செய்யலாமோ எண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் கேட்டிருக்கிறியள், அதால இந்தமுறை முழுக்க இதுதான்.

கேள்வி: அண்ணை, நான் மூண்டு வருசமா கலியாணவீடு, சாமத்தியவீடு எடுக்கிறன். ஒரு கமரா இருக்கு, 24 மெகாபிக்சல், 4கே எடுக்கும். லப்டொப் பழசு, 4கே பைலைப் போட்டா அப்பிடியே நிண்டிடும். கையில இருக்கிற காசுக்கு ஒண்டில் நல்ல ரப், இல்லாட்டி நடுத்தர லப்டொப், ரெண்டில ஒண்டுதான் வாங்கலாம். ரப்பை மட்டும் வச்சு தொழிலா போட்டோவும் வீடியோவும் எடிட் செய்யேலுமோ?
– மாங்குளத்திலயிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, போட்டோவுக்கு ஏலும், தாராளமா ஏலும். வீடியோவுக்கும் ஏலும், ஆனா அதுக்குப் பின்னால கொஞ்சம் கதைக்க இருக்கு.

முதல் போட்டோ. ஒரு கலியாணத்தில 1500 படம் எடுக்கிறியள் எண்டு வையுங்கோ. நான் இப்ப ரெண்டு வருசமா படம் தெரிவு செய்யிற வேலை முழுக்க ரப்பிலதான் செய்யிறன், விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருந்துகொண்டு விரலால தள்ளித் தள்ளி, கண் மூடின படம், ஆலாத்தித் தட்டு முகத்தை மறைச்ச படம், ஐயர்ட கை குறுக்கால வந்த படம் எல்லாத்தையும் கழிச்சு 1500ஐ 400க்குக் கொண்டுவர ஒண்டரை மணித்தியாலம் காணும். லைட்ரூம் எண்ட போட்டோ எடிட்டிங் அப் ரப்பில நல்லா ஓடுது, ஆனா ஒண்டைத் தெரிஞ்சு வச்சிருங்கோ, இலவச லைட்ரூமில ஜேபெக் மட்டும்தான் எடிட் பண்ணலாம், கமராவின்ர ரோ பைலை, அதாவது பதப்படுத்தாத மூலப் படத்தை, திறந்து வேலை செய்யிறதுக்கு சந்தா கட்டத்தான் வேணும். திரையில கீறுற பென்சிலால செய்யிற வேலை எண்டு வந்தா ரப்பை அடிக்க ஆளில்லை. பொம்பிளையின்ர கன்னத்தில திட்டா நிண்ட பவுடர், நெத்திச்சுட்டிக்குக் கீழ வேர்வை மினுக்கம், இதுகளை மவுசால துடைக்கிறது செருப்புப் போட்டுக்கொண்டு கோலம் போடுற மாதிரி, பென்சிலால எண்டா கை நினைச்ச இடத்தில நிக்கும்.

அல்பம் டிசைனுக்கு மட்டும் நான் இன்னும் கொம்பியூட்டரைத்தான் சொல்லுவன். 12க்கு 36 இஞ்சிப் பக்கம் ஒண்டு 300 டிபிஐல (இஞ்சிக்கு 300 புள்ளி) 10800க்கு 3600 பிக்சல், அதாவது ஏறத்தாள 39 மில்லியன் பிக்சல், அதுக்கு மேல முப்பது நாப்பது லேயர் ஏறும்போது ரப்பின்ர ராம் நினைவகம் மூச்சு வாங்கும். மற்றது தமிழ் எழுத்து. எங்கட ஸ்ரூடியோக்களில பாதிப்பேர் இன்னும் பாமினியிலதான் பொம்பிளை மாப்பிளை பேர் அடிக்கிறம், அந்த எழுத்துரு ரப்பில இல்லையெண்டா பழைய டிசைனைத் திறந்தவுடன பேர் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையா நிக்கும். ரப்புக்குப் போறதெண்டா யூனிகோட் எழுத்துருவுக்கு மாறுங்கோ, அது எப்பிடியும் மாறவேண்டிய ஒண்டுதான்.

இனி வீடியோ. அப் இல்லை எண்டு ஒருத்தரும் இப்ப சொல்லேலாது. டாவின்சி ரிசோல்வ் 2022 டிசம்பரில ஐபாட்டுக்கு வந்தது, அடிப்படை இலவசம், ஸ்ரூடியோ எண்ட கூடுதல் வசதிக்கு ஒரேயொருக்கா 95 டொலர் எண்டுதான் வந்தது. பைனல் கட் ப்ரோ 2023 மே மாசம் ஐபாட்டுக்கு வந்தது, சந்தா முறை, எம்1 சிப்புக்கு முந்தின ஐபாட்டில ஓடாது. லூமாஃபியூஷன் ஒருக்காக் காசு குடுத்து வாங்கிறது, ஐபாட்டிலயும் இருக்கு அன்ரொயிட்டிலயும் இருக்கு. எம்1 ஐபாட்டில 4கே பைலை வச்சு வெட்டேக்க உங்கட பழைய லப்டொப் மாதிரி நிக்காது, இழுத்த இழுப்புக்கு வரும். பத்துப் பதினைஞ்சு நிமிச ஹைலைட், பிரீசூட், கோயில் திருவிழாத் துண்டு, இதெல்லாம் ரப்பிலயே தொடங்கி ரப்பிலயே முடிக்கலாம், நான் முடிச்சும் குடுத்திருக்கிறன்.

சிக்கல் எங்க வருதெண்டா இடத்திலதான். கணக்கைப் பாருங்கோ. 4கேயில 100 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 100 மெகாபிட்) எண்டு எடுக்கிற கமரா ஒரு நிமிசத்துக்கு 750 எம்பி சாப்பிடும், ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. பொன்னுருக்கலில தொடங்கி தாலிகட்டு, சாப்பாடு, வரவேற்பு எண்டு மூண்டு மணித்தியாலம் ஓடவிட்டா 135 ஜிபி. அதோட 1500 ரோ படம், ஒண்டு 25, 30 எம்பி எண்டு பாத்தா இன்னொரு 40 ஜிபி. ஒரே ஒரு கலியாணம் 175 ஜிபி தம்பி, 256 ஜிபி ரப் அதோட நிரம்பிடும், எக்ஸ்போர்ட் பண்ண, அதாவது வெட்டி முடிச்ச வீடியோவைப் புதுப் பைலா எடுக்க, இடமிராது. ஆனி ஆவணியில கிழமைக்கு ரெண்டு கலியாணம் வரேக்க என்ன செய்யிறது?

அதுக்கு நான் சொல்லுறது ரெண்டு. முழு வீடியோவை 4கேயில எடுக்கிறதை விடுங்கோ. முழுநேரத்துக்கும் எடுக்கிறதை 1080பியில 50 எம்பிபிஎஸ்ல எடுத்தா மணித்தியாலத்துக்கு 22, 23 ஜிபிதான் வரும், வீட்டுக்காரர் அதைப் பாக்கிறது ரிவியிலயும் போனிலயும், தாலிகட்டு, மணவறைக் குளோசப், பிரீசூட் மட்டும் 4கேயில எடுங்கோ. 1080பி பைலை உங்கட பழைய லப்டொப்பே வெட்டும் எண்டுதான் நினைக்கிறன், வெட்டாட்டிலும் கொப்பி பண்ணவாவது அது வேணும், வித்துப்போடாதேங்கோ. ரெண்டாவது, ரப் வாங்க முதல் வெளி ஹாட் டிஸ்க் ரெண்டு வாங்குங்கோ. ரெண்டு எண்டு சொன்னன், ஒண்டில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா எனக்கு நடந்தது. கனகாலத்துக்கு முதல் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சாமத்தியவீடு எடுத்து, எல்லாத்தையும் ஒரே டிஸ்கில போட்டு, மற்ற நாள் வேற வேலை இருந்ததால கமராவின்ர மெமரிக் காட்டில இருந்ததை அழிச்சுப்போட்டன். மூண்டாம் நாள் மேசையில இருந்த டிஸ்க் வயர் காலில தட்டி விழுந்தது, டிக் டிக் எண்டு ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். அந்தத் தகப்பனுக்கு முன்னால போய் நிண்டதை இப்ப நினைச்சாலும் வயிறு கலங்கும். காசைத் திருப்பிக் குடுக்கலாம், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு சாமத்தியவீடு செய்யேலாது. அந்தாள் கத்தவுமில்லை, "எங்கட கலியாண அல்பமும் இடம்பெயரேக்க போனதுதான் தம்பி" எண்டு மட்டும் சொன்னார். எங்கட வீடுகளில 2009க்கு முந்தின அல்பம் எத்தினை இருக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ, பாயும் சட்டியும் தறப்பாளும் தூக்கின சனம் அல்பத்தைத் தூக்கேலாமத்தானே விட்டிட்டு வந்தது. அதால ஒரு நிகழ்வு எடுத்து வந்தா சாப்பிட முதல் ரெண்டு டிஸ்கிலயும் கொப்பி, ரெண்டிலயும் நாலு பைலைத் திறந்து ஓடுதோ எண்டு பாக்கிறது, ஒரு டிஸ்க் ஸ்ரூடியோவில, மற்றது வேற வீட்டில, அதுக்குப் பிறகுதான் காட்டை அழிக்கிறது. ஐபாட்டில 2019ல வந்த ஐபாட் ஓஎஸ் 13க்குப் பிறகு வெளி டிஸ்கை நேர கொழுவலாம், எக்ஸ்ஃபாட் எண்ட முறையில ஃபோர்மட் பண்ணி வச்சா லப்டொப், ஐபாட் ரெண்டும் அதில எழுதும்.

ஆக, உங்கட லப்டொப் இன்னும் கொப்பி பண்ணவும் அல்பம் டிசைனுக்கும் உயிரோட இருக்குதெண்டா ரப்பை வாங்குங்கோ. அது சாகிற நிலையில இருக்கு, ரப் மட்டும்தான் மிஞ்சும் எண்டா இந்தமுறை லப்டொப்பை வாங்கிப்போட்டு ரப்பை அடுத்த கலியாண சீசனுக்கு வையுங்கோ.

கேள்வி: கனடாவில இருக்கிற மாமா மார்கழியில வாறார், ஐபாட் ஒண்டு வாங்கியாறன், எது வேணும் எண்டு சொல்லு எண்டு கேட்டார். போட்டோ எடிட்டிங்தான் கூட, கொஞ்சம் வீடியோ. எதைச் சொல்ல? சாம்சங் நல்லம் எண்டும் சிலபேர் சொல்லுகினம்.
– பரந்தனிலயிருந்து

பதில்: மாமாவிட்ட வெறும் "ஐபாட்" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, கடைக்காரர் ஆகக் குறைஞ்சதைத்தான் எடுத்துக் குடுப்பினம். அந்த சாதாரண ஐபாட், 10ஆம் தலைமுறையிலயிருந்து யூஎஸ்பி-சி துவாரத்தோட வருது, துவாரம் புதுசு, வேகம் பழைய யூஎஸ்பி 2தான். முன்னுக்குச் சொன்ன 175 ஜிபியை அதால ஏத்த ஒண்டேகால் மணித்தியாலம் போகும், ஐபாட் எயாரில எண்டா நல்ல காட் ரீடரோட அரை மணித்தியாலத்தில ஏறும். அதால "ஐபாட் எயார், எம்1 அல்லது அதுக்குப் பிந்தினது, 256 ஜிபி" எண்டு எழுதி வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ. எம்1 எயார் 2022 மார்ச்சில வந்தது, அதே சிப் போட்ட ப்ரோ 2021ல வந்தது, பாவிச்சதாக் கிடைச்சாலும் நல்லம். புது ப்ரோ கேக்கிற அளவுக்கு மாமாவைக் கஷ்டப்படுத்தத் தேவையில்லை, 2024 எம்4 ப்ரோவின்ர திரை கண்ணைப் பறிக்கும், உண்மைதான், ஆனா அந்த வித்தியாசக் காசுக்கு ஒரு லென்ஸ் வாங்கலாம்.

பென்சிலில ஏமாறாதேங்கோ. யூஎஸ்பி-சி பென்சில் எண்டு 2023ல ஒண்டு வந்தது, விலை குறைவு, அதில அழுத்தம் தெரியாது, மெல்லத் தொட்டாலும் அமத்தித் தொட்டாலும் ஒரே கோடுதான். முகத்தில வேலை செய்யிறவனுக்கு அழுத்தம் வேணும். எந்த ஐபாட்டுக்கு எந்தப் பென்சில் எண்டதும் வேற வேற, எம்1 எயாருக்கு ரெண்டாம் தலைமுறைப் பென்சில், எம்2 எயாரிலயிருந்து பென்சில் ப்ரோ. பாவிச்சது வாங்கினா வித்தவரின்ர அப்பிள் கணக்கு அதிலயிருந்து கழட்டியிருக்கோ எண்டு மாமா அங்கயே போட்டுப் பாத்திட்டு வரட்டும், பூட்டோட இஞ்ச வந்தா அது வெறும் கண்ணாடித் தட்டு. சார்ஜரைப் பற்றி யோசிக்காதேங்கோ, 100லயிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், எங்கட 230க்கு பிளக் மாத்தி ஒண்டு கொழுவினாக் காணும்.

சாம்சங்கைப் பொறுத்தவரை எஸ் வரிசை உண்மையில நல்லம். ரப் எஸ்9ல நல்ல அமோலெட் திரை, பேனை பெட்டிக்குள்ளயே வருது, அழுத்தமும் தெரியும், மைக்ரோ எஸ்டி காட் போட இடமிருக்கு, தூசி தண்ணிக்கு ஐபி68. எங்கட புழுதிக்கு அது பெரிய விசயம். போட்டோ மட்டும் செய்யிற ஆளுக்கு நான் தயங்காம சொல்லுவன். டாவின்சியும் பைனல் கட்டும் அன்ரொயிட்டுக்கு இல்லை, அதுதான் குறை, லூமாஃபியூஷன், கப்கட் மாதிரி அப்புகள்தான் மிஞ்சும். விலை குறைஞ்ச ஏ வரிசையை இந்த வேலைக்கு வாங்காதேங்கோ.

கேள்வி: ரப்பில பாக்கேக்க படம் அவ்வளவு வெளிச்சமா வடிவா இருக்கு, யாழ்ப்பாணத்தில லாப்புக்குக் குடுத்துப் பிரிண்ட் வந்தா இருண்டுபோய் வருது. கூறைச்சீலைச் சிவப்பும் மாறி செங்கல் நிறமா வந்திட்டுது, பொம்பிளைவீட்டார் பேசினவை. லாப்காரர் உங்கட பைல்தான் பிழை எண்டினம். ஆரில பிழை?
– புதுக்குடியிருப்பிலயிருந்து ஒரு தங்கச்சி

பதில்: தங்கச்சி, பைலில பிழை இருக்கச் சந்தர்ப்பம் கூட, ஆனா அது உங்கட கண்ணில பிழையில்லை, ரப் உங்களுக்குப் பொய் காட்டினதுதான். ரப்பின்ர திரை போனைப்போல, எல்லாத்தையும் ஒரு படி வடிவாக் காட்டச் செய்தது. ஐபாட் எயார் முழுப் பிரைட்னஸ்ல ஏறத்தாள 500 நிட்ஸ் வெளிச்சம் விடும், பிரிண்டுக்கு எடிட் பண்ணுற திரைக்கு 100, 120 நிட்ஸ் காணும். நாலு மடங்கு வெளிச்சத்தில பாத்து "காணும், நல்ல வெளிச்சமா இருக்கு" எண்டு விட்டா தாளில அது இருண்டுதானே வரும்? தாளுக்குப் பின்னால லைட் இல்லை.

நான் செய்யிற வழியைச் சொல்லுறன், திரையை அளக்கிற மீற்றர் ஒண்டும் தேவையில்லை. நீங்கள் எடிட் பண்ணின படத்தில ஒண்டை, முகமும் சீலையும் வெள்ளை வேட்டியும் தெரியிற மாதிரி ஒண்டை, அதே லாப்பில 4க்கு 6ல பிரிண்ட் போடுவிச்சு எடுங்கோ. காலமை ஒம்பது பத்து மணிக்கு யன்னலுக்குப் பக்கத்தில, வெயில் நேர விழாத இடத்தில, பிரிண்டை ஒரு கையில பிடிச்சுக்கொண்டு அதே படத்தை ரப்பில திறவுங்கோ. பிரைட்னஸை மெல்ல மெல்லக் குறைச்சுக்கொண்டு வாங்கோ, வேட்டியின்ர வெள்ளை ரெண்டிலயும் ஒண்டாத் தெரியிற இடம் ஒண்டு வரும், என்ர ரப்பில அது பிரைட்னஸ் கோட்டின்ர மூண்டிலொரு பங்குக்கும் கீழ. அந்த இடத்தை ஞாபகம் வச்சிருங்கோ, எடிட் பண்ண இருக்கேக்க எல்லாம் அங்க கொண்டுவந்து வையுங்கோ. முதல் ரெண்டு நாள் திரை மங்கல் எண்டு தோணும், கண் பழகீடும்.

அதோட தன்ர பாட்டில நிறம் மாத்துற எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. ஐபாட்டில ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் ரெண்டும், ஓட்டோ பிரைட்னஸ் எண்டது டிஸ்பிளேக்குள்ள இல்லை, அக்சசிபிலிட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கினம், அங்க போய் நிப்பாட்ட வேணும். சாம்சங்கில ஸ்கிரீன் மோட்டை விவிட்டில இருந்து நச்சுரலுக்கு மாத்துங்கோ, கண் பாதுகாப்பு மஞ்சளையும் எடுங்கோ.

கூறைச்சீலைச் சிவப்புக்கு வேற காரணம். நல்ல ரப் திரையள் பி3 எண்ட அகலமான நிறப் பரப்பைக் காட்டும், லாப்புகள் பொதுவா வேலை செய்யிறது எஸ்ஆர்ஜிபி எண்ட சின்னப் பரப்பில. ஆகக் கொழுத்த சிவப்பு, செம்மஞ்சள், அந்தச் சின்னப் பரப்புக்குள்ள அடங்காது, அடங்காததை மெசின் பக்கத்து நிறத்துக்குத் தள்ளும், அதுதான் உங்கட செங்கல். எக்ஸ்போர்ட் பண்ணேக்க கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி எண்டு நீங்களே தெரிவு செய்து, அந்த ஜேபெக்கைத் திருப்பித் திறந்து சீலையைப் பாத்திட்டு அனுப்புங்கோ. சீலைக்குச் சச்சுரேஷன், அதாவது நிறத்தின்ர கடுமை, ஏத்துறதையும் குறையுங்கோ, அந்தப் பட்டுக்கு ஏத்தத் தேவையே இல்லை, மடிப்பில இருக்கிற நிழல் தெரிஞ்சாலே பட்டு பட்டாத் தெரியும்.

கேள்வி: எங்கட கடை தகரக் கூரை. மத்தியானத்தில எக்ஸ்போர்ட் போட்டா ரப் கொதிக்குது, இடையில நிண்டும் போகுது. பழுதாகீட்டுதோ? கரண்ட் போற நேரத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.
– முழங்காவிலிலயிருந்து

பதில்: பழுதில்லை. ரப்புக்குள்ள காத்தாடி இல்லை, சூடு உடம்பாலதான் வெளிய போகவேணும். அப்பிளே 35 பாகை வரைக்கும்தான் பாவிக்கச் சொல்லுது, சித்திரை வைகாசியில உங்கட தகரத்துக்குக் கீழ அதைவிடக் கூட வரும். சூடு ஏறினா அது தன்னைக் காப்பாத்த வேகத்தைக் குறைக்கும், திரையை மங்க வைக்கும், சார்ச் ஏறுறதை நிப்பாட்டும். உறையைக் கழட்டி, மாபிள் அல்லது சீமெந்துத் தரையில நிமித்தி வச்சு, மேசைக் காத்தாடியைத் திருப்பிவிட்டு, சார்ச் வயரைக் கழட்டிப்போட்டு எக்ஸ்போர்ட் போடுங்கோ. நீளமான எக்ஸ்போர்ட்டை விடியக்காலமைக்கு வையுங்கோ, அப்பைத் திரையில முன்னுக்கே விட்டுவிடுங்கோ. குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைக்கிறதை மட்டும் ஒருநாளும் செய்யாதேங்கோ, உள்ளுக்கு நீர் பிடிக்கும்.

கரண்டுக்கு ரப்தான் ராசா. 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்க யூபிஎஸ்ஸோட இருந்த கொம்பியூட்டர் பத்து நிமிசத்தில படுத்தது. 11 இஞ்சி எயாரின்ர பற்றரி ஏறத்தாள 29 வாட் அவர், 20,000 எம்ஏஎச் பவர் பாங்க் ஒண்டு 74 வாட் அவர் எண்டாலும் இழப்புப் போக ஒண்டரைத் தரம் முழுசா ஏத்தும். பிடி (PD, வேகமாச் சார்ச் ஏத்துற முறை) எண்டு போட்டு 20 வாட்டுக்குக் குறையாததா வாங்குங்கோ, இல்லாட்டி எடிட் பண்ணப் பண்ண இறங்கிக்கொண்டுதான் போகும்.

கேள்வி: தாள் மாதிரிச் சொரசொரப்பான ஸ்கிரீன் கவர் ஒட்டலாமோ?
– நெடுங்கேணியிலயிருந்து

பதில்: கீறுறதுக்குச் சுகம், படம் கூர்மை பாக்கிறதுக்குக் கூடாது. மெல்லிய மணிமணியா ஒரு திரை விழும், போகஸ் சரியோ பிழையோ எண்டு பிடிபடாது. போட்டோ வேலைக்கு வழுவழுப்பான கண்ணாடிதான்.

கேள்வி: நான் சின்னதா கொமியூனிகேஷன் கடை ஒண்டு வச்சிருக்கிறன், போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம் எடுக்கிறது. சனம் பழைய அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் கொண்டுவந்து பெரிசாக்கி பிரேம் போட்டுத் தாங்கோ எண்டு கேக்குதுகள். சில படத்தில முகமே சரியாத் தெரியாது. ரப்பில ஏஐ அப் போட்டா ஒரு நிமிசத்தில பளிச்செண்டு வருது. அது சரியோ?
– விசுவமடுவிலயிருந்து ஒரு அக்கா

பதில்: அக்கா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. இதுதான் எங்கட ஊர்களில ஸ்ரூடியோக்காரன்ர ஆகப் பெரிய வேலை எண்டு நான் நினைக்கிறன், கலியாணத்தைவிட.

ஒருக்கா ஒரு அம்மா மகன்ர படம் கொண்டுவந்தா. பேர்ஸுக்குள்ள கனவருசம் இருந்து மடிஞ்சு, நடுவில வெள்ளைக் கோடு விழுந்த ஒரு சின்னப் படம், அவவிட்ட இருக்கிற ஒரே படம் அதுதான். எனக்கு அண்டைக்கு வேலை கூட, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு அப்பில போட்டன், கண் இமை மயிர் எல்லாம் எண்ணுற அளவுக்குத் தெளிவா வந்தது, எனக்கே சந்தோசம். அம்மா வாங்கிப் பாத்தா. கனநேரம் பாத்தா. பிறகு "இது ஆர் தம்பி?" எண்டு கேட்டா.

அந்த அப் இல்லாததைத் திருப்பிக் கொண்டுவாறேல்லை அக்கா, கோடிக்கணக்கான வேற முகங்களைப் பாத்துப் பழகி, இந்த இடத்தில ஒரு கண் இருந்தா இப்பிடித்தான் இருக்கும் எண்டு தானாக் கீறுது. எங்களுக்கு அது வடிவான கண், தாய்க்கு அது வேற பிள்ளையின்ர கண்.

பிறகு மூண்டு பின்னேரம் இருந்து கையால செய்தன். முதல் ஸ்கானரில 1200 டிபிஐல எடுத்தது. 35க்கு 45 மில்லிமீற்றர் அடையாள அட்டைப் படம் அந்த அளவில எடுத்தா 1650க்கு 2120 பிக்சல் கிட்ட வரும், 8க்கு 10 இஞ்சிக்கு அது தாராளம். லமினேட் பண்ணின அட்டை எண்டா உரிக்காதேங்கோ, படத்தின்ர தோலும் சேந்து வரும், அப்பிடியே ஸ்கான் பண்ணுங்கோ. ஸ்கான் வந்தவுடன அதில கை வைக்காம மேல வெறும் லேயர் ஒண்டு போட்டு, அதிலதான் ஹீலிங் பிரஷ்ஷால, பக்கத்து இடத்தைப் பாத்துக் கறையை மூடுற பிரஷ்ஷால, வேலை செய்யிறது, பிழைச்சா அந்த லேயரை மட்டும் அழிக்கலாம். பிரஷ் கோட்டின்ர அகலத்தைவிடக் கொஞ்சம்தான் பெருசு, நல்லாப் பெருப்பிச்சு வச்சுக்கொண்டு, முதல் பின்பக்கத் துணி, பிறகு சேட், பிறகு கன்னம். கண்ணும் வாயும் கடைசி, அதில கோடு போற இடத்தை மட்டும் தொட்டு மிச்சத்தை அப்பிடியே விட்டது. பென்சிலின்ர அழுத்தம் இஞ்சதான் கைகுடுக்கும், மடிப்புக் கோட்டை இழுத்துத் துடைக்கக்கூடாது, புள்ளி புள்ளியா மெல்ல.

வலப் புருவத்துக்கு மேல ஒரு சின்னக் குழி மாதிரி ஒரு புள்ளி இருந்தது. படத்தில இருந்த ஊத்தை எண்டு நினைச்சு பிரஷ்ஷைக் கொண்டுபோனன், ஏனோ தெரியேல்லை, கை நிண்டுது. அம்மா வந்தபோது ரப்பிலயே பெருப்பிச்சுக் காட்டி இது என்ன அம்மா எண்டு கேட்டன். அவ விரலை அந்த இடத்தில வச்சா, "அம்மாளாச்சி வந்து மாறின தழும்பு, ரெண்டாம் வகுப்பு படிக்கேக்க" எண்டா. விரலை எடுக்கேல்லை.

அதால அக்கா, வேலை தொடங்க முதல் வீட்டுக்காரரைப் பக்கத்தில இருத்தி, படத்தைப் பெருப்பிச்சு, எது ஊத்தை எது முகம் எண்டு கேட்டுக் குறிச்சு வையுங்கோ, பத்து நிமிசம்தான் போகும். ஏஐயைப் பின்பக்கத் துணிக்கும் சேட்டுக்கும் பாவியுங்கோ, தப்பில்லை, முகத்துக்குக் கொண்டுபோகாதேங்கோ. முகம் மங்கலா இருந்தா மங்கலாவே இருக்கட்டும், கொஞ்சம் கொன்ராஸ்ட் ஏத்திச் சின்னதாப் பிரிண்ட் போட்டுப் பெரிய பிரேமுக்குள்ள நடுவில வையுங்கோ, 5க்கு 7 படம் 10க்கு 12 பிரேமில சுத்திவர வெள்ளை அட்டையோட நல்ல வடிவா இருக்கும். முடிஞ்சாப்போல, கை வைக்காத அந்த முதல் ஸ்கானையும் செய்து முடிச்சதையும் ரெண்டையும் அவையின்ர போனில போட்டு, பிள்ளையள் வெளிநாட்டில இருந்தா அவைக்கும் அங்க வச்சே அனுப்பிவிடச் சொல்லுங்கோ, உங்கட டிஸ்கிலயும் பேரும் ஊரும் எழுதி ஒரு கொப்பி இருக்கட்டும். பிரேம் போட்ட காசை மட்டும் வாங்குங்கோ, அந்தக் கொப்பிக்கு நான் காசு வாங்கிறேல்லை.